கேம் இசைக் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் வேண்டாம்

வீடியோ கேம் இசையை முழு ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது, மேடையை ஒட்டிய வரிசைகளை விட்டுவிட்டு, பால்கனியின் முன்பகுதியில் நடு இருக்கையைத் தேடுங்கள். பல அரங்குகளில் அதன் விலையும் குறைவாகவே இருக்கும்.

மேடையில் வயலின், செல்லோ கலைஞர்கள் முன்னாலும், புல்லாங்குழல், டிரம்பெட், தாளக் கருவிகள் அவர்களுக்குப் பின்னாலும், பாடகர் குழு எல்லோருக்கும் பின்னாலும் இருப்பதால், கீழே முதல் சில வரிசைகளில் அமர்பவருக்கு அருகிலுள்ள தந்திக் கருவிகளே ஓங்கிக் கேட்கும். 1997-இல் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 7-இன் இறுதிச் சண்டை இசையைப் போல, லத்தீன் சொற்களைப் பாடகர் குழு முழங்க வேண்டிய இடங்களில் இது பெரிய இழப்பு. உயரத்தில் அமர்ந்தால் குரலும் கருவிகளும் சீராகக் கலந்து வந்து சேரும். மேலும், விளையாட்டுக் காட்சிகள் ஓடும் திரை பெரும்பாலும் வாத்தியக் குழுவின் தலைக்கு மேலே தொங்குவதால், முன்வரிசையில் இருப்பவர் நிகழ்ச்சி முழுவதும் அண்ணாந்து பார்த்தபடியே இருக்க நேரும். கழுத்துவலிக்குக் கூடுதல் கட்டணம் தேவையா?

மேல்தளம் தாழ்வாகக் கவிந்திருக்கும் பின்வரிசைகளில் ஒலி மங்கிவிடும் என்பதால் அவற்றுக்கு இக்குறிப்பு பொருந்தாது. உள்விளையாட்டரங்கு போன்ற பெரிய இடங்களில் இசை ஒலிபெருக்கிகள் வழியாகவே வருமாதலால், அங்கே ஒலிக்கலவை செய்பவரின் மேசைக்கு அருகிலுள்ள இருக்கையே சிறந்தது. தனி வாசிப்புக் கலைஞரின் விரலசைவைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால், தயங்காமல் முன்வரிசையையே எடுக்கலாம்.