கதையைத் திருத்துவதை எங்கே நிறுத்துவது?

பத்துத் தரம் திருத்திய சிறுகதையை எடுத்துப் பார்த்தால், முதற் பந்தி பத்துத் தரமும் கடைசிப் பக்கம் இரண்டு தரமும்தான் திருத்தம் கண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் மேலிருந்து தொடங்கிப் பாதியில் களைத்துப்போவதே காரணம். ஒருநாள் மேலிருந்து வாசித்தால் அடுத்த நாள் கடைசிப் பந்தியில் தொடங்கி மேலே வாருங்கள்.

எழுதி முடித்த கதையைப் பத்து நாளாவது தொடாமல் வையுங்கள். பிறகு மூன்று சுற்று போதும்.

முதற் சுற்றில் சொற்களில் கை வைக்க வேண்டாம். எந்தக் காட்சி இல்லாவிட்டாலும் கதை நிற்குமோ அதை வெட்டுங்கள். பெரும்பாலும் தொடக்கப் பந்திதான் போகும். அது நீங்கள் கதைக்குள் இறங்குவதற்காக எழுதியது. வெட்டியதை அழிக்காமல் வேறு கோப்பில் போட்டுவைத்தால் வெட்ட மனம் வரும்.

இரண்டாவது, வாய்விட்டு வாசிப்பது. 1500 சொல் கதைக்குக் கால் மணித்தியாலம் போதும். நாக்கு இடறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நிற்காமல் வாசியுங்கள். திருத்தம் வாசித்து முடித்த பிறகுதான்.

அளவுமீறிய திருத்தம் முதலில் கெடுப்பது பேச்சை. படலையடியில் நிற்கிற பேரனிடம் அம்மம்மா, “உதிலை ஏன் வெயிலுக்கை நிக்கிறாய், உள்ளுக்கு வாவன்” என்கிறா. ஐந்தாம் திருத்தத்தில் அது “அங்கே ஏன் வெயிலில் நிற்கிறாய், உள்ளே வா” என்றாகிவிடும். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவன் நிற்கும் இடத்தைச் சுட்டுகிற அந்த ‘உ’ போய்விட்டது. ‘வாவன்’ என்பதில் இருந்த வாஞ்சையும் போய்விட்டது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு உரையாடலைத் தொடவே வேண்டாம்.

மூன்றாம் சுற்று எழுத்துப்பிழைக்கு: ர-ற, ன-ண, ல-ள-ழ, ஒற்று. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் கொடுக்க வேண்டியிருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். பாமினியில் காற்புள்ளி விசை ‘இ’ எழுத்துக்கு உரியது; யூனிகோடிலிருந்து மாற்றும்போது தவறினால் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் ‘இ’ நிற்கும். கடைசிப் பார்வை மாற்றிய பிரதியில்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சுற்றில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓரத்தில் குறி போடுங்கள். பிழை என்றால் ‘பி’, வெறும் விருப்பம் என்றால் ‘வி’. ஒரு பக்கத்தில் ‘வி’ மட்டுமே விழுந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. நேற்று ‘மெல்ல’ என்பதை ‘மெதுவாக’ ஆக்கி இன்று திரும்பவும் ‘மெல்ல’ ஆக்கினீர்கள் என்றால் கதையே முடிந்துவிட்டது, கோப்பை மூடுங்கள். ஆனால் எத்தனை தரம் வாசித்தாலும் ஒரே இடம் உறுத்தினால் குறை காட்சியில் இருக்கிறது. சொல் மாற்றி அது சரிவராது. அதற்கு முதற் சுற்றுக்கே திரும்ப வேண்டும்.

1849இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரம் நிறுவிய காலத்தில் ஒரு சொல்லை மாற்ற, கோத்த ஈய எழுத்துகளைக் கழற்றித் திரும்பக் கோக்க வேண்டும். அந்தச் சிரமமே ஒரு எல்லையாக இருந்தது. கணினியில் அது இல்லை என்பதால் நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறித்து, அன்று மாலைக்குள் சஞ்சிகைக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பின் பிழை கண்ணில் பட்டால், பொருள் மாறுகிற பிழைக்கு மட்டும் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள்.