ரூட்டர் வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்

மரத்தில் காடி எடுக்கவும் விளிம்பைச் சீவவும் உதவும் மெஷினான மர ரூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். மிக்சி வாங்கிய பழக்கம். வீட்டில் ஸ்டூல், அலமாரி, போட்டோ ஃபிரேம் செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, சுழன்று மரத்தை வெட்டும் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டின் அளவை. அந்த வாய்க்குள் எது நுழையுமோ அதை வைத்துத்தான் கடைசிவரை வேலை ஓட வேண்டும்.

டிரிம்மர் எனப்படும் சிறிய ரூட்டர்களில் சிலவற்றுக்கு 6 மி.மீ. கோலெட், சிலவற்றுக்குக் கால் இன்ச், அதாவது 6.35 மி.மீ. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். நானும் நம்பி, கால் இன்ச் கோலெட்டில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டைப் போட்டு நட்டை இறுக முறுக்கினேன். அலமாரியின் பக்கப் பலகையில் காடி எடுக்கத் தொடங்கிய இடத்தில் ஆழம் 6 மி.மீ., முடித்த இடத்தில் 9. ஓட ஓட பிட் கீழே நழுவியிருக்கிறது. பலகை போனால் போகட்டும், அந்த வேகத்தில் பிட் முழுதாகக் கழன்று வந்திருந்தால்? தண்டின் அளவை நானே துல்லியமாகப் பார்க்க அன்றைக்கே ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கிவிட்டேன். சரியான கோலெட்டாகவே இருந்தாலும், பிட்டை முட்டும்வரை உள்ளே தள்ளிவிட்டு 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்த பிறகு முறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் பிடி சரியாக விழாது.

அப்படியானால் அரை இன்ச் கோலெட் உள்ள பெரிய மெஷினையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அரை இன்ச் தண்டு கால் இன்ச்சைவிட 16 மடங்கு வளையாமல் நிற்கும், உண்மைதான். கதவுச் சட்டம், பேனல் என்று இறங்குகிறவருக்கு அது வேண்டும். ஆனால் ஐந்து கிலோ மெஷினை 18 மி.மீ. பிளைவுட் விளிம்பில் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். மைக்கா ஓரம் சீவ, கீல் குழி எடுக்க, விளிம்பை உருட்ட 600, 700 வாட் டிரிம்மரே தாராளம். ஆழமான காடி என்றால் ஒரே மூச்சில் இறங்காமல் தடவைக்கு 3 மி.மீ. வீதம் எடுத்தால் அதுவே செய்துவிடும். பலகையின் நடுவில் தொடங்கும் காடி அடிக்கடி வருமானால் மட்டும் ஓடும் பிட்டை மேலிருந்து நேராக மரத்துக்குள் இறக்க உதவும் பிளஞ்ச் பேஸ் உள்ளதாகப் பாருங்கள்.

சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேகம் மாற்றும் வசதி இல்லாததை வாங்குவது இன்னொரு தவறு. கணக்குப் போட்டால் புரியும்: 30,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 30,000 சுற்றில், வெட்டும் பகுதி 6 மி.மீ. அகலமுள்ள பிட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 34 கி.மீ. வேகத்தில் ஓடும். அதே மெஷினில் 50 மி.மீ. பிட்டை மாட்டினால் 280 கி.மீ.யைத் தாண்டும்! அகலமான பிட்டுக்கு 10,000, 12,000 என்று குறைத்தே ஆகவேண்டும். முடியாதென்றால் அந்த பிட் உங்களுக்கில்லை.

மெஷினோடு பன்னிரண்டு பிட் இலவசம் என்றால் நான் மயங்க மாட்டேன். அதில் எட்டு, பெட்டியிலேயே துருப்பிடிக்கும். நேர் பிட் ஒன்று, ஓரத்தைச் சமமாகச் சீவ பேரிங் வைத்த ஃபிளஷ் டிரிம் ஒன்று, விளிம்பை உருட்ட ரவுண்ட் ஓவர் ஒன்று, மூன்றும் கார்பைடு முனையுள்ளதாகத் தனியாக வாங்குங்கள். பிளைவுட்டின் பசை சாதாரண ஸ்டீல் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிட் மரத்தை வெட்டாது, தேய்த்துக் கருக்கும்.

பில் போடும் முன், அந்த மாடலுக்குக் கோலெட்டும், மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் "வரவழைச்சுத் தரலாம்" என்று இழுத்தால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.