ஜே/24 படகில் டேக்: ஜெனோவா ஷீட்டைக் கையாளும் முறை

ராட் ஜான்ஸ்டன் வடிவமைத்த ஜே/24 பந்தயப் படகில் பெரும்பாலும் ஐந்து பேர் ஏறுவார்கள். பந்தயத்தில் அவர்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது. புதிதாகச் சேருபவர் கையில் சீக்கிரமே வந்து சேரும் வேலை, டேக் அடிக்கும்போது, அதாவது படகின் முனையைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்பும்போது, ஜெனோவா என்ற பெரிய முன்பாயை மறுபக்கம் மாற்றுவது.

'ரெடி' என்று குரல் வரும் முன்பே, இழுக்கப்போகும் பக்கத்து வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில்) ஷீட்டை (பாயை இழுக்கும் கயிற்றை; பக்கத்துக்கு ஒன்று) வலஞ்சுழியாக ஒன்றிரண்டு சுற்று மட்டும் போட்டு, தொய்வை எடுத்துவிடுங்கள். விடப்போகும் ஷீட்டின் வால் சிக்கில்லாமல் கிடக்கட்டும். அதன்மேல் யாரும் நிற்கக் கூடாது.

படகு திரும்பத் தொடங்கியதுமே ஷீட்டை விட்டால் வேகம் போய்விடும். பாயின் முன் விளிம்பு உள்வாங்கும்வரை பொறுத்து, சுற்றுகளை மேல்நோக்கி உருவி எறியுங்கள். தாமதித்தாலும் கேடுதான்: பாய் ஸ்ப்ரெடரில் (பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் குறுக்குக் கம்பத்தில்) ஒட்டிக் கிழியும். ஜெனோவா பாய்மரத்தைத் தாண்டி நீளும் பாய் என்பதால், முன்னால் நிற்பவர் அதன் முனையைப் பாய்மரம் சுற்றிக் கையால் கடத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மறுபக்கத்தில் இருப்பவர் கைமாற்றிக் கைமாற்றி வேகமாக இழுக்க வேண்டும். காற்று பாயை நிரப்பும் முன்பே பெரும்பகுதி கயிறு உள்ளே வந்துவிட வேண்டும். பளு ஏறியபின் இழுப்பது கைகளுக்கு வீண் தண்டனை. பளு வரும் கணத்தில் சுற்றுகளை மூன்று, பலத்த காற்றானால் நான்கு ஆக்கி, மீதியைக் கைப்பிடியால் சுற்றுங்கள். கடைசிச் சில அங்குலங்களை விட்டுவைத்து, படகு வேகமெடுத்த பிறகே இறுக்குங்கள். பாயின் அடிவிளிம்பு பக்கக் கம்பிமேல் தொங்கினால் யாராவது உள்ளே இழுத்துவிடட்டும்.

அடிக்கடி நேரும் கோளாறு, சுற்றின்மேல் சுற்று ஏறி இறுகுவது. தொய்வாக இழுக்கும்போதே மூன்று நான்கு சுற்று போட்டுவைத்ததோ, கயிறு உருளைக்கு மேலிருந்து வந்ததோதான் பெரும்பாலும் காரணம். கயிறு சற்றுக் கீழிருந்து ஏற வேண்டும். இறுகிவிட்டால் விரலை விட்டு நோண்டாதீர்கள், விரல் போய்விடும். இடமிருந்தால் மறுபடி டேக் அடித்துப் பளுவை இறக்குங்கள். இல்லையேல் வேறொரு கயிற்றை வின்ச்சுக்கு முன்னால் ஷீட்டில் ரோலிங் ஹிட்ச் முடிச்சால் கட்டி, மற்ற வின்ச்சில் இழுத்தால் சிக்கிய கயிறு தளரும்.

தளர்த்தும்போது உள்ளங்கையை உருளைமேல் தட்டையாக அழுத்தி, கட்டைவிரலை ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.