மும்பையைக் குடும்பத்தோடு லோக்கல் ரயிலில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

முதியவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மும்பையின் லோக்கல் ரயிலில் ஏறலாமா என்று தயங்குபவர்கள் பலர். தாராளமாக ஏறலாம். கூட்டம் எந்த நேரத்தில் எந்தத் திசையில் செல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கு எதிர்த்திசையில் நம் நாளை அமைத்துக்கொண்டால் போதும். என் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றபோது கைகொடுத்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: தங்கும் இடம்

மும்பை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் நகரம். காலை 8 மணி முதல் 11 மணி வரை கூட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கி வரும். மாலை 5 மணி முதல் 9 மணி வரை வடக்கு நோக்கித் திரும்பும். ஆகவே வாடகை சற்றுக் கூடுதலானாலும், நகரின் தென்கோடியில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) அல்லது சர்ச்கேட் நிலையத்தை ஒட்டிய ஃபோர்ட் பகுதியில் தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டுமே வண்டிகள் புறப்படும் முனையங்கள் என்பதால் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் மாட்டுங்காவில், இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் குறைவில்லாத சூழலில் தங்க விரும்புவோர், காலை 7 மணிக்கு முன்பே தெற்கே கிளம்பி, மாலை 4 மணிக்கு முன்னதாகவோ இரவு 9 மணிக்குப் பிறகோ திரும்ப வேண்டும்.

படி 2: பயணச்சீட்டு

கைப்பேசிச் செயலியில் சீட்டு எடுப்பதாக இருந்தால் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு அருகில் வந்துவிட்டால் காகிதமில்லாச் சீட்டைச் செயலி வழங்காது. பலமுறை ஏறி இறங்கும் எண்ணமுள்ள குடும்பங்களுக்கு, நிலையத்தின் சீட்டுக் கவுன்டரில் கிடைக்கும் சுற்றுலாச் சீட்டே எளியது. அதில் 1, 3, 5 நாள் என மூன்று வகைகள் உண்டு.

படி 3: அறிவிப்புப் பலகையைப் படித்தல்

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். நடைமேடைப் பலகையில் வண்டி சேருமிடத்தின் சுருக்கம், ஃபாஸ்ட் (சில நிலையங்களில் மட்டும் நிற்பது) அல்லது ஸ்லோ (எல்லா நிலையங்களிலும் நிற்பது) என்பதைக் குறிக்கும் எழுத்து, எத்தனை பெட்டிகள், எத்தனை நிமிடத்தில் வரும் என்பவை அடுத்தடுத்துத் தோன்றும். சிஎஸ்எம்டியிலிருந்து புறப்படும் மத்திய வழித்தடத்தில் 'கே' (K) என்பது கல்யாணையும், 'டி' (T) என்பது தாணேயையும் குறிக்கும். சேருமிடத்தை மட்டும் பார்த்து ஏறிவிடக் கூடாது. வண்டி ஃபாஸ்டா ஸ்லோவா என்பதே முக்கியம். ஃபாஸ்ட் வண்டி தாதரை விட்டால் குர்லாவில்தான் நிற்கும். நடுவிலுள்ள மாட்டுங்காவும் சயானும் ஜன்னல் வழியே கடந்து போய்விடும். குடும்பத்தோடு செல்பவர்கள் சில நிமிடம் கூடுதலாக ஆனாலும் ஸ்லோ வண்டியிலேயே ஏறுங்கள்.

படி 4: ஏறுவதும் இறங்குவதும்

வண்டி இடைநிலையங்களில் அரை நிமிடம்கூட நிற்காது. ஆகவே நீங்கள் இறங்கும் நிலையத்துக்கு முந்தைய நிலையத்திலேயே எழுந்து, வாசலை நோக்கி நகரத் தொடங்கிவிட வேண்டும். நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறுவதால் அருகில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மும்பைக்காரர்கள் சலிக்காமல் வழி சொல்வதோடு, பிள்ளைகளைக் கண்டால் இடமும் விடுவார்கள். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கிப் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள, இன்னொருவர் கடைசியாக இறங்குவது நல்லது.

எவரேனும் வண்டிக்குள்ளேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை ஏறுவதற்கு முன்பே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் அடுத்த வண்டியில் அங்கே சென்று சேர வேண்டும். ஸ்லோ வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்பதால்தான் இந்த ஏற்பாடு பலிக்கிறது. பெண்கள் தனிப் பெட்டியில் செல்வதானால், இறங்கியபின் சந்திக்கும் இடத்தை முன்பே முடிவு செய்துகொள்வது அவசியம். 12 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகள் தாயோடு அப்பெட்டியில் செல்லலாம்.

படி 5: எதை எப்போது பார்ப்பது?

தீவில் உள்ள எலிஃபன்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அந்த நாளைக் கணக்கில் வைத்தே மற்றவற்றைத் திட்டமிடுங்கள். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து காலை 9 மணியளவில் படகுகள் புறப்படத் தொடங்கும். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 2024 டிசம்பரில் இந்தத் தடத்தில் படகு விபத்து நேர்ந்து உயிர்கள் பறிபோயின. ஆகவே உயிர்காப்புச் சட்டையைப் பிள்ளைகளின் அளவுக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்கி, கரை சேரும்வரை கழற்றாமல் அணிந்திருக்கச் செய்யுங்கள். தீவில் ஏறத்தாழ 120 படிகள் ஏற வேண்டும். முடியாதவர்களுக்கு டோலி (ஆட்கள் சுமந்து செல்லும் நாற்காலி) கிடைக்கும். குரங்குகள் பறிக்கும் என்பதால் தின்பண்டங்களைக் கையில் ஏந்திச் செல்லாதீர்கள். மூன்று முகங்களோடு சுமார் 20 அடி உயரத்தில் எழுந்து நிற்கும் சதாசிவ வடிவத்தின் முன் பிள்ளைகள் போதிய நேரம் நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

கரை திரும்பியபின், 1924இல் கட்டி முடிக்கப்பட்ட கேட்வேயின் அருகிலேயே சற்று இளைப்பாறிவிட்டு, 1922 முதல் இயங்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்கு நடந்தே செல்லலாம். இரண்டையும் வடிவமைத்தவர் ஜார்ஜ் விட்டெட். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற சிஎஸ்எம்டி கட்டடத்தை விளக்கொளியில் பார்ப்பதே அழகு என்பது என் கருத்து. மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையை வெயில் தாழ்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் ஏன் குறைகின்றன என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அன்று பராமரிப்புக்காகச் சில தடங்களை நிறுத்துவார்கள். 'மெகா பிளாக்' என்ற பெயரில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.

ஆட்டோ கிடைக்கவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தென் மும்பையில் ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை. கறுப்பு மஞ்சள் டாக்சியில் செல்லலாம்.

2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட நிலத்தடி மெட்ரோ 3 விமான நிலையத்தையும் சிஎஸ்எம்டியையும் சர்ச்கேட்டையும் இணைக்கிறது. பெட்டி படுக்கையோடு வந்திறங்கும் நாளிலும் ஊர் திரும்பும் நாளிலும் லோக்கலைத் தவிர்த்து, மின்தூக்கி வசதியுள்ள இந்த மெட்ரோவையே தேர்ந்தெடுங்கள்.