கிடைத்துளைக் கிணற்றிலிருந்து பாறைத் துகள்களை வெளியேற்றும் முறை

வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்குச் செல்லும் மட்டக்களப்பு, அம்பாறை இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் குழாய்க்கிணறு அடிக்கும்போது நீரோடு மணல் மேலே வருவதைப் பார்த்தவர்கள், கிடையாகச் செல்லும் கிணற்றிலும் பம்பியின் வேகத்தைக் கூட்டினாற் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

நிலைக்குத்துக் கிணற்றில் துகள் விழுவதற்கு நெடுந்தூரம் உண்டு. கிடைத்துளையிலோ சில அங்குலம் தாழ்ந்தாலே அடிச்சுவரில் படிந்துவிடும். மாரி வெள்ளத்தின் இழுவை தணிந்ததும் முகத்துவாரத்தில் மணல் திட்டுக் கட்டுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நிலைக்குத்திலிருந்து 30 முதல் 60 பாகை வரை சாய்ந்த பகுதியே மிகவும் பொல்லாதது. அங்கே பம்பி நின்றதும் படிவு சரிந்து இறங்கித் துளைக்கும் குழாயை இறுக்கிவிடும். கண்ணாடிப் போத்தலொன்றில் களிமண் கரைசலை ஊற்றிச் சாய்த்து வையுங்கள்: நிமிர்த்தி வைத்த போத்தலைவிட அது விரைவாகத் தெளிவதையும், படிந்த களி கீழ்ச்சுவர் வழியே வழுக்குவதையும் காண்பீர்கள்.

எனவே, துகளை மேலே கொண்டுவரப் பம்பி செலுத்தும் திரவம் (துரப்பணத்தில் இதைச் சேறு என்பார்கள்) எது என்பதற்கு முன்னர், குழாய் சுழலுமா என்று கேளுங்கள். குழாய் சுழலாமல், அதன் அடிநுனியில் உள்ள அடிமோட்டர் மட்டும் துளைக்கும் வேளையில், தடித்த சேறு குழாய்க்கு மேற்புற இடைவெளியால் நழுவிப் போய்விடும், படிவு அசையாது. அப்போது மெல்லிய திரவத்தைக் கொந்தளிப்புப் பாய்ச்சல் (சுழித்துக் கலங்கி ஓடுதல்) உண்டாகும் வேகத்தில் செலுத்துவதே மேல், துளைச்சுவர் அரிப்பைத் தாங்குமாயின். குழாய் சுழலும்போது படிவு கிளறப்பட்டு மேலெழும். அதை ஏந்திச் செல்ல, மெதுவாக ஓடுகையில் தடித்தும் விரைவாக ஓடுகையில் இளகியும் நிற்கும் சாந்தன் பசை (xanthan gum) என்னும் தடிப்பாக்கி கலந்த சேறு உகந்தது. 12¼ அங்குலத் துளையில் குழாய் நிமிடத்துக்கு 120 சுற்றாவது சுழல வேண்டும் என்பது துரப்பணத்தில் நெடுநாள் வழக்கம். சேற்றின் தடிப்பை அளக்கும் பிசுக்குமைமானி நிமிடத்துக்கு 6 சுற்றில் காட்டும் வாசிப்பு, அங்குலத்தில் துளை விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சேறு, களிப்பாறை நீரில் ஊறுவதைத் தடுக்கும். துகளை அள்ளும் விடயத்தில் அதற்கும் இதே விதிதான்.

குழாயை வெளியே இழுக்கும் முன், அதைச் சுழற்றியபடியே, துளையிலுள்ள சேறு முழுவதும் இரண்டு முதல் நான்கு தடவை மேலே வந்து சேரும்வரை பம்பியை ஓடவிடுங்கள். மேலே வந்த சேற்றிலிருந்து துகளைப் பிரிக்கும் அதிர்சல்லடையை விட்டு அகலாதீர்கள். கூர்முனையுள்ள துகள் உடனே வந்தது. மழுங்கி உருண்ட துகள் உள்ளே நெடுநேரம் அரைபட்டது. இழுக்கையில் பாரம் ஏறினால் பலத்தைக் கூட்டாதீர்கள். குழாயைச் சற்றுக் கீழே இறக்கி, சுழற்றி, மறுபடியும் சேற்றை ஓடவிடுங்கள்.