பழைய கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு பூட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாரோ பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தூசி தட்டி, பவர் கொடுத்து, திரை வெளிச்சம் பெற்றதும் அது பாஸ்வேர்டு கேட்டு நின்றால் கை பரபரக்கும். உடனே எதையாவது கழற்றிப் பார்க்கத் தோன்றும். சரிசெய்ய முடியாத சேதம் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

முதலில், விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் விடுபவர்கள் நிறைய. பல வருடம் தினமும் தட்டிய பாஸ்வேர்டு, கேட்டால் சிலருக்கு நினைவுக்கு வந்துவிடும். இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கே அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த தவறு, எல்லாப் பூட்டும் ஒன்று என்று நினைப்பது. கறுப்புத் திரையில், எதுவும் தொடங்கும் முன்பே பாஸ்வேர்டு கேட்டால் பூட்டு மதர்போர்டில் இருக்கிறது. சில இயந்திரங்களில் அது ஹார்டு டிஸ்க்கின் பூட்டாகவும் இருக்கலாம். விண்டோஸோ யூனிக்ஸோ ஏறிய பிறகு கேட்டால் பூட்டு டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பில் இருக்கிறது. இடத்துக்கு இடம் வைத்தியம் வேறு.

மதர்போர்டு பூட்டுக்கு எல்லோரும் சொல்வது, "பேட்டரியைக் கழற்று". 486, பென்டியம் சிப் காலத்து மேசைக் கணினிகள் பலவற்றில் பாஸ்வேர்டு, பேட்டரியால் உயிர்வாழும் சிமாஸ் நினைவகத்தில் இருப்பதால் இது பலிக்கும். ஆனால் அதே நினைவகத்தில்தான் ஹார்டு டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களும் இருக்கின்றன. ஒரு 486-ல் நான் எதையும் குறிக்காமல் பேட்டரியை எடுத்தேன். பாஸ்வேர்டு போனது, டிஸ்க்கும் காணாமல் போனது. டிஸ்க்கைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி அந்த பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளில்) இல்லை. டிஸ்க்கின் லேபிளில் எண்கள் இருந்தன, ஆனால் லேபிள் கீழ்ப்பக்கம். நான்கு திருகு கழற்றி, டிஸ்க்கைப் புரட்டி, எண்களைத் தாளில் எழுதி, மறுபடி பொருத்தினேன். நான் பொறுமையாக இருந்த ஒரே இடம் அதுதான், அதனால்தான் டிஸ்க் பிழைத்தது. தோராயமான எண்ணைக் கொடுத்துவிட்டு, டிஸ்க் படிக்கவில்லையே என்று பழுதுநீக்கும் மென்பொருளை ஓடவிட்டால், நன்றாக இருக்கும் டிஸ்க்கில் அது தவறான இடங்களில் எழுதிவிடும்.

பேட்டரியை எடுத்து ஒரு நொடியில் திரும்பப் போடுவதாலும் பயன் இல்லை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிதானமாகக் காத்திருக்க வேண்டும். போர்டில் பற்றவைத்த உருளை வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால், பூட்டைப் பற்றி யோசிக்கும் முன் அதைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்த காரம் செப்புத் தடங்களைத் தின்றுகொண்டே இருக்கும். வேறு சில போர்டுகளில் பேட்டரியே கண்ணுக்குத் தெரியாது: டல்லாஸ் டிஎஸ்1287 என்ற கறுப்புக் கட்டிக்குள் சிப்பும் பேட்டரியும் ஒன்றாக அடைபட்டிருக்கும். அதை நெம்பி உடைக்காதீர்கள்.

சன் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே இதுபோலப் பேட்டரி அடைபட்ட வேறொரு சிப்பில் ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட் ஐடி என்ற அந்த இயந்திரத்தின் அடையாள எண்ணும் சேர்ந்தே இருக்கின்றன. சில மென்பொருள் உரிமங்கள் அந்த ஐடியைப் பார்த்துத்தான் ஓடும். தொடங்கும்போது இரண்டும் திரையில் வரும், கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎம்மின் திங்க்பேட் மடிக்கணினியில் பேட்டரி வைத்தியம் பாதிதான் வேலை செய்யும். பவர் ஆன் பாஸ்வேர்டு போய்விடும். பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மின்சாரம் இல்லாமலே நினைவில் நிற்கும் தனிச் சிப்பில் இருப்பதால் போகாது. அது மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் ஐபிஎம் சொன்ன வழி. அந்தச் சிப்பின் கால்களைக் கம்பியால் இணைக்கும் குறுக்குவழியை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். கால் இடம் தவறினால் போர்டு செத்துவிடும். ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டோ டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது.

இனி விண்டோஸ். 95, 98-ல் வரும் பாஸ்வேர்டு பெட்டிக்குப் பெரும்பாலும் எஸ்கேப் விசை போதும். இது தெரியாமல் டிஸ்க்கையே ஃபார்மேட் செய்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எக்ஸ்பி அப்படி இல்லை. வெளியிலிருந்து ஒரு கருவியால் பாஸ்வேர்டை அழித்தால் உள்ளே போகலாம், ஆனால் அந்தப் பயனர் இஎஃப்எஸ் என்ற விண்டோஸின் சொந்த முறையில் குறியாக்கம் செய்த கோப்புகள் அதோடு திறக்காமல் போகும். அழிப்பதைவிடப் பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பது மேல். எக்ஸ்பி வழக்கமாக அதை எல்எம் என்ற பலவீனமான வடிவத்திலும் சேமிக்கிறது: 14 எழுத்து வரையிலான பாஸ்வேர்டைப் பெரிய எழுத்துகளாக மாற்றி, ஏழு ஏழாக வெட்டி வைக்கும். அதனால் இன்றைய கணினிக்கு அது பெரிய வேலை இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, டிஸ்க்கை முழுதாக நகல் எடுப்பது. டிஸ்க்கைக் கழற்றி, எழுதவிடாத அடாப்டர் வழியாக வேறு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் ஒவ்வொரு செக்டாராக எடுங்கள். இந்த வயதில் டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாரும் சொல்ல முடியாது. இயந்திரம் வேறு எங்காவது கிடைக்கும். அதற்குள் இருக்கும் டிரைவர்களும் யாரோ எழுதிய நிரல்களும் கிடைக்காது. நகலை இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, அப்புறம் எஸ்கேப்பை அழுத்திப் பாருங்கள்.