வெனீர் ஒட்டிய பற்களை நெடுநாள் காப்பது எப்படி

முன்பல்லின் வெளிப்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய தகடே வெனீர். நிறம் மாறிய பல், முனை உடைந்த பல், இடைவெளி விழுந்த பற்கள் ஆகியவற்றின் தோற்றத்தைச் சீராக்க அது பயன்படுகிறது. பீங்கானால் செய்த தகட்டின் தடிமன் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஏறக்குறைய ஒரு விரல்நகத்தின் கனம். இவ்வளவு மெல்லிய பொருள் பத்து, பதினைந்து ஆண்டுகள் எப்படித் தாங்குகிறது என்ற வியப்புக்கு விடை தகட்டில் இல்லை, அது ஒட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. பராமரிப்பு என்று இங்கே சொல்லப்போவது அனைத்தும் அந்த ஒட்டையும், தகடும் பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பையும் காப்பதைப் பற்றியதுதான்.

1920களின் இறுதியில் ஹாலிவுட் நடிகர்களுக்காகச் சார்ல்ஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் செய்து கொடுத்த தகடுகள் படப்பிடிப்பு முடியும்வரை மட்டுமே பல்லில் நின்றன. நிலையாக ஒட்டும் வழி அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தைக் கொண்டு பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலின் மேற்பரப்பை நுண்ணிய குழிகள் உடையதாக மாற்றினால் பிசின் அதில் இறுகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அதேபோல் பதப்படுத்தும் முறை வந்த பிறகே இன்றைய வெனீர் உருவாயிற்று. இந்த வரலாற்றில் பயனாளி அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு: பிசின் எனாமலை உறுதியாகப் பற்றும், அதற்கடியில் உள்ள டென்டினை அந்த அளவுக்குப் பற்றாது. ஆகவே தகட்டுக்கு இடம்விடப் பல்லை எவ்வளவு குறைவாகச் சீவுகிறார்களோ அவ்வளவுக்கு வெனீரின் ஆயுள் கூடும். சிகிச்சைக்கு முன்பே, "எனாமலுக்குள்ளேயே நிறுத்த முடியுமா?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. சீவிய எனாமல் மீண்டும் வளராது என்பதால், இது திரும்பப் பெற முடியாத முடிவு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பீங்கான் வெனீர்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை நிற்கும். நன்றாக ஒட்டப்பட்டு, ஈறும் நலமாக இருந்தால் அதற்கு மேலும் நிற்பதுண்டு. மருத்துவர் நாற்காலியிலேயே பல் நிறப் பிசின் கலவையைப் பூசி வடிவமைக்கும் கம்போசிட் வெனீர்களுக்கு 5 முதல் 7 ஆண்டுகள் என்று கணக்கிடலாம். கம்போசிட் மலிவானது, உடைந்த இடத்தைப் பூசிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கறை பிடிக்கும், பளபளப்பு மங்கும். பீங்கான் எளிதில் கறை ஏற்காது. சிறு சிதறலைத் தேய்த்து மெருகேற்றலாம், பெரிதாக உடைந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

பல்லைச் சீவிய நாளுக்கும் நிலையான வெனீர் ஒட்டும் நாளுக்கும் இடையில் தற்காலிகத் தகடு போடுவதுண்டு. அது வலுக்குறைந்த ஒட்டில் நிற்பது என்பதால் அந்த நாட்களில் முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது. நிலையான வெனீர் ஒட்டியபின் சில நாட்களுக்கு ஈறு சற்று நொந்திருக்கலாம், குளிர்ச்சிக்குக் கூச்சமும் இருக்கலாம். ஆனால் வாயை மூடும்போது ஒரு பல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னதாக இடிப்பதுபோல் தோன்றினால், பழகிவிடும் என்று விடாமல் உடனே சென்று கடியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒற்றைப் புள்ளியில் விழும் அழுத்தமே பின்னாளில் விரிசலாக வெளிப்படும்.

அன்றாடத் துலக்கலில் பலரும் ஒரு தவறான எண்ணத்துடன் இருக்கிறார்கள். பீங்கான் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் அதன் பின்னால் உயிருள்ள பல் இருக்கிறது, அது விளிம்பின் வழியே சொத்தையாகும். எனவே மென்மையான பிரஷைக் கொண்டு காலையிலும் இரவிலும், ஃப்ளூரைடு கலந்த சாதாரணப் பற்பசையால், ஈறும் தகடும் சேரும் கோட்டில் பிரஷைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் துலக்க வேண்டும். பற்களுக்கு இடையில் பல்நூலை நாள்தோறும் ஒருமுறை செலுத்த வேண்டும். நூல் வெனீரைப் பெயர்த்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. அப்படிப் பெயர்ந்தால் அது முன்பே தளர்ந்திருந்தது என்றுதான் பொருள். பல்பொடி, உப்பு, கரித்தூள் ஆகியவை மெருகைத் தேய்த்துவிடும். வெண்மை தருவதாக விற்கப்படும் சொரசொரப்பான பற்பசைகளும் அப்படியே. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொன்னவர்கள் பிசினால் ஒட்டிய பீங்கானை நினைத்துச் சொல்லவில்லை. குச்சியால் விளிம்பை அழுத்தித் தேய்ப்பவர்களின் ஈறு பின்வாங்கி, மூடியிருந்த கோடு வெளியே தெரியத் தொடங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் பட்டியல் நீளமில்லை. கரும்பை முன்பல்லால் உரிப்பது, முறுக்கையும் தட்டையையும் முன்பல்லால் நொறுக்குவது, எலும்பைக் கடிப்பது, ஐஸ் கட்டியை மெல்வது ஆகியவற்றைக் கைவிட வேண்டும். முறுக்கை ஒடித்துப் பின்பற்களில் போட்டு மெல்வதில் தடையில்லை. தைக்கும் நூலைக் கடித்து அறுப்பதும், நகம் கடிப்பதும், பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பதும் உணவைவிடக் கெடுதலானவை. காபி, தேநீர், மஞ்சள் சேர்ந்த குழம்பு ஆகியவை கம்போசிட்டை நிறம் மாற்றும். பீங்கானில் தகடு அப்படியே இருக்க, விளிம்பில் உள்ள பிசின் மட்டும் பழுப்புக் கோடாகத் தெரியலாம். சாப்பிட்டவுடன் தண்ணீரால் கொப்பளிக்கும் நம் பழக்கம் இங்கே பெரிதும் உதவும். புகையிலையையும் வெற்றிலை பாக்கையும் பொறுத்தவரை, கறை என்பது அவற்றின் சிறிய கேடுதான்.

வெனீரை முன்கூட்டியே இழப்பவர்களில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் கணிசமானவர்கள். அவர்களுக்குத் தாங்கள் அப்படிச் செய்வதே தெரியாது. உடன் உறங்குபவர் சொல்லித்தான் தெரியவரும். காலையில் தாடை வலிப்பது, கன்னப்பொட்டில் தலைவலி, பல் முனைகள் தட்டையாகத் தேய்ந்திருப்பது ஆகியவை அறிகுறிகள். இவை இருந்தால் வாயின் அளவெடுத்துச் செய்த, பற்களை மூடும் உறையான நைட் கார்டை இரவில் அணிய வேண்டும். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வெனீர் போட்டுவிட்டு, நைட் கார்டு செலவைத் தவிர்ப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

பல்லை வெண்மையாக்கும் ப்ளீச்சிங் மருந்து வெனீரின் நிறத்தை மாற்றாது; சுற்றியுள்ள இயற்கைப் பற்களை மட்டுமே வெளுப்பாக்கும். ஆகவே வெளுக்க விரும்புவோர் வெனீருக்கு முன்பே அதைச் செய்து, சுமார் இரண்டு வாரங்கள் கழித்து, வந்த நிறத்துக்கு ஏற்பத் தகட்டைச் செய்துகொள்ள வேண்டும். ப்ளீச்சிங் முடிந்த உடனே ஒட்டினால் பிசினின் பிடிப்பும் குறையும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்லும்போது, குறிப்பாகப் புதிய மருத்துவமனையில், எந்தெந்தப் பற்களில் வெனீர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நன்றாகச் செய்த வெனீர் மருத்துவரின் கண்ணையும் ஏமாற்றும். தெரிந்தால், பல் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியின் முனையை விளிம்பில் படாமல் நடத்துவார்கள். பீங்கானின் மெருகை அரிக்கும் அமிலத்தன்மையுள்ள ஃப்ளூரைடு ஜெல்லுக்குப் பதிலாக நடுநிலையானதைப் பூசுவார்கள். ஈறு தொடர்ந்து சிவந்து இரத்தம் கசிவது, விளிம்பில் நாக்கில் தட்டும் சிறு மேடு போன்ற உணர்வு, ஒரு பல்லில் மட்டும் புதிதாகக் கூச்சம் ஆகியவை தோன்றினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

தகடு கழன்று விழுந்தால் அதைக் கழுவி, சிறு டப்பாவில் பத்திரப்படுத்தி, இயன்றவரை விரைவில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உடையாத தகட்டைப் பல நேரங்களில் மீண்டும் ஒட்டிவிடலாம். கடையில் விற்கும் பசையால் தாமே ஒட்டிக்கொள்வது மட்டும் கூடாது. அந்தப் பசை வாய்க்கு உகந்ததல்ல. உட்பக்கத்தில் படிந்துவிட்டால் முறையாக ஒட்டுவதற்கும் தடையாகும். எந்தப் பொருளால் செய்தது, ஏ1, பி1 என்பதுபோன்ற நிறக்குறியீடு என்ன, எந்தத் தேதியில் ஒட்டியது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் ஒரு தகட்டை மட்டும் மாற்ற நேரும்போது பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்தும்.